கொழும்பு வீட்டில் வெயில்காலப் பூக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனி, கொட்டாஞ்சேனை மொட்டைமாடி, தெஹிவளையில் மதிலோரமாக நாலடி மண். இடம் எதுவானாலும் பூக்கன்று வைப்பவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். பதில்கள் கொழும்புக்கும் அதன் அயலுக்கும் மட்டும். யாழ்ப்பாணத்துக்கும் மலைநாட்டுக்கும் கணக்கு வேறு.

விதைப் பக்கற்றில் "கோடையில் விதைக்கவும்" என்று போட்டிருக்கிறது. கொழும்பில் கோடை எந்த மாதம்?

அந்த வரி நமக்காக எழுதியதல்ல. பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் மண் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும், அதற்காகப் போட்டது. கொழும்பில் மண் எந்த மாதமும் ஆறுவதில்லை. பகலில் 30, 31 பாகை, இரவில் 23இலிருந்து 25. சூட்டை மட்டும் பார்த்தால் சீனியாவையும் கொஸ்மஸையும் பன்னிரண்டு மாதமும் விதைக்கலாம்.

இங்கே தீர்ப்புச் சொல்வது மழை. ஆண்டுக்குச் சுமார் 2400, 2500 மில்லிமீற்றர் கொட்டுகிற ஊர் இது. அது சமமாகப் பிரிந்து பெய்வதும் இல்லை. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மாதத்துக்கு 60, 70 மில்லிமீற்றர்தான் கிடைக்கும். மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் 350ஐத் தாண்டிவிடும். ஜூலை, ஓகஸ்ட் நடுத்தரம், 120 அளவில் நிற்கும். ஆக, பூவுக்கு இரண்டு நல்ல இடைவெளிகள் இருக்கின்றன: ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஒன்று, ஜூலையும் ஓகஸ்டும் மற்றது. முதலாவதுதான் பெரியது. பூக்கும் வாரங்கள் இந்த இரண்டுக்குள் விழுகிற மாதிரி விதைப்பதே முழு வேலையும்.

அப்படியென்றால் விதையை எப்போது போடுவது?

பூ வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சீனியா, கொஸ்மஸ், காசித்தும்பை எல்லாம் விதைத்து ஏறத்தாழ எட்டு வாரத்தில் பூக்கும். குட்டை மரிகோல்ட் ஏழு வாரத்திலேயே முகம் காட்டும். கோழிக்கொண்டைக்கும் வாடாமல்லிக்கும் ஒன்பது, பத்து வாரம் கொடுங்கள். பத்துமணிப் பூவை விதை போட்டு வளர்க்கவே தேவையில்லை. தண்டைக் கிள்ளி நட்டால் ஒரு மாதம் போதும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வாசல் நிறைய சீனியா வேண்டுமானால் பெப்ரவரி முதல் வாரத்தில் விதையுங்கள். இதைவிட இலகுவான கணக்குக் கிடையாது. நாற்று வளரும் காலம் முழுக்க வெயில், பெருமழை இறங்குவதற்கு முன்பே பூ வந்துவிடும். தைப்பொங்கலுக்கு வேண்டுமானால் நவம்பர் நடுவில் விதைக்க வேண்டும். அது கொட்டுகிற மழைக்காலம், ஆகவே கூரைக்குக் கீழே நாற்றை வளர்த்து டிசம்பரில் வெளியே எடுக்க வேண்டிவரும். ஆடிவேலுக்கும் இதே ஏற்பாடுதான்: மே கடைசியில் கூரைக்குக் கீழ் விதைத்து, ஜூலையில் வெயிலுக்கு மாற்ற வேண்டும். நவராத்திரிதான் சிரமம். ஓகஸ்ட் தொடக்கத்தில் விதைத்துவிடலாம், ஆனால் பூ விரியும் நேரத்தில் மழையும் வந்து நிற்கும். அந்த மாதத்துக்கு நான் நம்புவது இதழ் உதிராத வாடாமல்லியை.

முதன்முதலாக வளர்க்கிறேன். எந்தப் பூவில் தொடங்கலாம்?

பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்றாலும் இதுதான். அழகில் முதலிடம் என்று சொல்ல வரவில்லை. சுவர் வெடிப்பில்கூட முளைத்துப் பூக்கிற செடி, புதியவர் கையில் சாகாது. வெள்ளை, ரோஸ், ஊதா, சிவப்பு என்று இப்போது நிறங்களும் நிறைய. அதற்கு ஒரே எதிரி அளவுக்கு மிஞ்சிய தண்ணீர்.

அடுத்தது சீனியா. நம் ஆட்கள் சீனியாஸ் என்பார்கள். வெயில் ஆறு மணி நேரம் விழுகிற இடமாக இருந்தால் வேறு எந்தப் பூவும் இத்தனை நிறத்தை இவ்வளவு மலிவாகத் தராது. நீலத்தைத் தவிர எல்லா நிறமும் உண்டு. பெரிய பூ, சிறிய பூ என்று இரண்டு வகையாக விதை வரும். கொழும்புக்குச் சிறிய பூ வகையை எடுங்கள். பெரிய பூ வகையின் இலையில் மழை தொடங்கியதும் பழுப்புப் புள்ளியும் சாம்பல் தூளும் படிந்துவிடும். சிறியது அதைத் தாங்கும்.

கொஸ்மஸில் இரண்டு இனம். மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூப்பது முரட்டுச் செடி, ஏழை மண்ணிலும் வரும், தானாக விதை உதிர்த்து அடுத்த முறையும் முளைக்கும். ரோஸும் வெள்ளையுமாகப் பூப்பது மென்மையானது, காற்றுக்குச் சாயும். படத்தில் அதுதான் அழகாக இருக்கும், கொழும்பில் முதலாவதுதான் உழைக்கும்.

பத்துமணிப் பூ மொட்டைமாடிக்கென்றே படைக்கப்பட்டது. சூடான சீமெந்து, ஆழமில்லாத தட்டு, இரண்டு நாள் மறந்த தண்ணீர், எதையும் பொருட்படுத்தாது. ஆனால் மப்புப் போட்ட நாளில் விரியாது. வேலைக்குப் போய் மாலையில்தான் வீடு திரும்புகிறவர்கள் அதன் பூவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம்.

சூரியகாந்தி பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்லது. விதை பெரிது, மூன்று நான்கு நாளில் முளைக்கும். ஒரே பூவோடு கதை முடிந்துவிடும் என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏப்ரலில் நுவரெலியா போனபோது பெட்டூனியா வாங்கி வந்தோம். கொழும்பு வந்து மூன்று வாரத்தில் செத்துவிட்டது. ஏன்?

எல்லோர் வீட்டிலும் நடப்பது. நுவரெலியா 1800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, இரவில் போர்வை தேடுகிற ஊர். பெட்டூனியா, பான்சி, டேலியா, கார்னேஷன் எல்லாம் இரவுக் குளிரில் இளைப்பாறுகிற செடிகள். பகலில் இலை தயாரிக்கிற மாச்சத்தை இரவுச் சூடு சுவாசத்திலேயே எரித்துவிடும். செடி நீண்டு, வெளிறி, ஒரு பூ இரண்டு பூவோடு ஓய்ந்துவிடும். குளிர்ப்பெட்டிக்குள் வைத்தா வளர்க்க முடியும்?

பகலின் நீளமும் ஒரு காரணம். பெட்டூனியா நீண்ட பகலில்தான் உற்சாகமாகப் பூக்கும். கொழும்பில் வருடத்தின் நீளமான பகலே பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டித்தான். நுவரெலியாவுக்கும் ஏறத்தாழ அதே பகல்தான் என்றாலும் அங்கே குளிர் கைகொடுக்கிறது.

கன்று வாங்க ஆசையாக இருந்தால் ஹக்கலை பூங்காவில் பார்த்து ரசித்துவிட்டு வெறுங்கையோடு இறங்குங்கள். கொழும்பில் என்ன வளரும் என்று பார்க்க வேண்டுமானால் கம்பஹா ஹெனரத்கொடை தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1876இல் தொடங்கியது, ஆசியாவின் முதல் றப்பர் மரங்கள் நட்ட இடம் என்றுதான் பலருக்குத் தெரியும். நம்முடையதைப் போன்ற தாழ்நிலச் சூடும் ஈரமும் உள்ள இடம், அங்கே செழிப்பது உங்கள் வீட்டிலும் செழிக்கும்.

எங்கள் பல்கனிக்கு வெயில் வருகிறது, ஆனால் சில மாதம்தான். மீதி மாதம் எங்கே போகிறது?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வரைபடத்தை மனதில் கொண்டு வாருங்கள். காலி வீதி வடக்குத் தெற்காகப் போகிறது. கடல் பக்க ஒழுங்கைகள் எல்லாம் அதிலிருந்து மேற்கே கடலை நோக்கி இறங்குகின்றன. ஆகவே ஒழுங்கைக்குள் இருக்கிற தொடர்மாடிகளில் பெரும்பாலானவற்றின் முகப்பு வடக்கே அல்லது தெற்கே பார்க்கும்.

கொழும்பு நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்குப் பக்கமாகச் சாயும். செப்ரெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான். அதன்பின் ஏழு மாதம் தெற்கிலிருந்து. வடக்குப் பல்கனிக்கு வெயில் கிடைப்பது ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை, தெற்குப் பல்கனிக்கு மற்ற மாதங்களில். போன மாதம் பூத்த செடி இந்த மாதம் சோர்ந்திருந்தால் பசளையைக் குறை சொல்வதற்கு முன் தரையில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இதில் தெற்குக்காரர் கொடுத்து வைத்தவர். டிசம்பர், ஜனவரியில் நண்பகல் சூரியன் 60 பாகை உயரத்துக்கு இறங்கி நிற்பதால் வெயில் பல்கனிக்குள் நன்றாக நுழையும், அதுவே மழை குறைந்த காலமும். வடக்குப் பக்கம் சூரியன் எந்த மாதமும் அவ்வளவு சாய்வதில்லை. ஜூனில்கூட 73 பாகைதான். மேல்மாடித் தளம் பாதியை மறைத்துவிடும். அங்கே பூச்சாடியைத் தரையில் வைக்காமல் கம்பியின் உட்புறமாகக் கொழுவிவிடுங்கள், ஒரு முழ தூரத்தில் ஒரு மணி நேர வெயில் கூடக் கிடைக்கும். மேற்குப் பல்கனி பின்னேரம் கொதிக்கும், பத்துமணிப் பூவுக்கும் காகிதப் பூவுக்கும் விட்டுவிடுங்கள். கிழக்குப் பக்கம் காலை வெயில் கிடைப்பவருக்கு நான் ஆலோசனை சொல்ல ஒன்றுமில்லை. எதை வைத்தாலும் வரும்.

வெயிலே வராத பல்கனியில் என்ன நிறம் கொண்டுவரலாம்?

பூவை மட்டும் நம்பாதீர்கள். கோலியஸ், கலேடியம், குரோட்டன் இலைகளே போதிய நிறம் தரும். (குரோட்டனுக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் பச்சையாகிவிடும்.) பூ என்றால் டொரேனியா, இம்பேசன்ஸ், அந்தூரியம். அந்தூரியத்தை வாங்கிய சாடியிலேயே வைத்து ஈரமான நிழலில் விட்டால் அதற்கு உங்கள் தயவு அதிகம் தேவைப்படாது.

பூச்சாடிக்கு எந்த மண்?

வளவு மண்ணை அப்படியே சாடியில் நிரப்புவது எல்லோரும் முதலில் செய்வது. கொழும்பின் சரளைச் செம்மண் சாடிக்குள் இரண்டு மழையில் இறுகிச் செங்கல் போலாகிவிடும். புதிதாகக் கட்டிய வீடு என்றால் அதில் சுண்ணாம்பும் சீமெந்துத் துண்டும் கலந்திருக்கும். அப்படியான மண்ணில் எக்ஸோரா இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

நான் சொல்லும் கலவை: மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய கொம்போஸ்ட் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, உமிக்கரி கிடைத்தால் அரைப் பங்கு. மொட்டைமாடிக்கும் பல்கனிக்கும் மண்ணைக் குறைத்துத் தும்புத்தூளைக் கூட்டலாம், பாரம் குறையும். 30 லீற்றர் சாடி ஈர மண்ணோடு 50 கிலோ வரை வரும். பத்துச் சாடி வரிசையாக வைத்தால் அரைத் தொன் பல்கனி விளிம்பில் நிற்கிறது என்று பொருள்.

தும்புத்தூளில் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லீற்றருக்கு மேல் பொங்கும், ஆகவே பெரிய தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி ஊற்றி வடியுங்கள். முதல் தண்ணீர் தேயிலைச் சாயம் போல வரும், சாயம் வெளிறும் வரை கழுவினால் போதும்.

சாடியின் அடித்துவாரத்தைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் சாடிகள் சிலவற்றில் துவாரம் அடையாளமாக மட்டும் இருக்கும், மெல்லிய தோல் மூடியிருக்கும். ஆணியைச் சுட்டுக் குத்தித் திறக்க வேண்டும். துவாரத்தின் மேல் ஒரு சிரட்டைத் துண்டைக் கவிழ்த்து வையுங்கள். மண் போகாது, தண்ணீர் போகும்.

கடற்கரை மணலைக் கலக்கலாமா? வீட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

வேண்டாம். உப்பு, சிப்பித் தூள் இரண்டும் இருக்கும். அனுமதியில்லாமல் கரையில் மணல் அள்ளுவதும் கூடாது.

கடலுக்கு அருகில் இருக்கிறோம். இலை ஓரம் கருகுகிறது.

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் காற்று கடலிலிருந்து நேராக வீசும். அலைத்துளியின் உப்பு இலையில் படிந்து, வெயிலில் காய்ந்து, ஓரத்தைக் கருக்கும். மழை பெய்தால் அதுவே கழுவிவிடும். மழையில்லாமல் காற்று மட்டும் அடித்த நாட்களில் காலையில் இலைகளுக்கு நல்ல தண்ணீர் தெளியுங்கள். கடலோர மாடிக்குக் காகிதப் பூ, பட்டிப்பூ, பத்துமணிப் பூ, உண்ணிப்பூ, முள்முடிச் செடி பொருந்தும். கொஸ்மஸும் காசித்தும்பையும் பொருந்தா.

ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் கன்று வாடுகிறது.

"ஆனாலும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "அதனால்" என்று போட்டுப் பாருங்கள்.

கொழும்பில் தாகத்தால் சாகிற பூச்செடியைவிட மூழ்கிச் சாவது அதிகம். தாகத்தில் வாடிய செடிக்கு இலை தொங்கும், சாடியைத் தூக்கினால் பாரமே இருக்காது, தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்தில் நிமிரும். வேர் அழுகிய செடிக்கும் இலை அப்படியேதான் தொங்கும். ஆனால் சாடி கனக்கும், மண்ணில் புளித்த மணம் வரும், தண்டின் அடி கறுத்து, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். இரண்டும் தூரத்திலிருந்து ஒன்றாகத் தெரிவதால்தான் வாடியதைக் கண்டவுடன் வாளியோடு ஓடுகிறோம். பட்டிப்பூ இப்படித்தான் போகும். வெயிலில் மூன்று மாதம் சிரித்துக்கொண்டிருந்தது, மே மாத மழையில் ஒரே நாளில் சாயும். அதைக் காப்பாற்ற முடியாது. மழை தொடங்கும் முன் நுனி வெட்டி இரண்டு தண்டை வேறு சாடியில் வேரூன்ற விட்டு வைத்திருந்தால் இனம் தப்பும்.

விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரமாகப் பட்டால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துவாரத்தால் வடியும் வரை ஊற்றுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் சிறிய சாடிகளுக்குத் தினமும் வேண்டிவரும். ஊற்றுவது காலையில். மாலையில் இலை நனைந்தால் இரவு முழுக்க ஈரம் நிற்கும், பூஞ்சணத்துக்கு விருந்து.

முளைத்த நாற்றெல்லாம் ஒரே இரவில் அடியோடு சரிந்துவிட்டன. எலியா?

எலி என்றால் கடித்த அடையாளம் இருக்கும். நாற்றின் கழுத்து, மண்ணைத் தொடும் இடம், நூல்போல மெலிந்து நீர் கோர்த்திருந்தால் அது நாற்றழுகல், மண்ணில் இருக்கிற பூஞ்சணத்தின் வேலை. காற்றில்லாத இடம், நெருக்கமான விதைப்பு, எப்போதும் ஈரம் மூன்றும் சேர்ந்தால் கட்டாயம் வரும். பழைய சாடி மண்ணில் விதைக்காதீர்கள். கழுவிய தும்புத்தூளில் விதைத்து, கூரை இருக்கிற ஆனால் வெளிச்சம் நிறைய விழுகிற இடத்தில் வைத்து, மேலிருந்து ஊற்றாமல் தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, கால் மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். முட்டை மட்டையில் விதைப்பது அழகான யோசனை, கொழும்பு ஈரத்தில் இரண்டாம் வாரமே அது பாசி பிடித்துக் கரைந்துவிடும். பழைய யோகட் கப்புகளின் அடியில் துளை போட்டால் போதும்.

செடி ஓங்கி வளர்ந்து உச்சியில் ஒரே ஒரு பூ. என்ன செய்வது?

நாற்றில் நாலு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளியிருக்க வேண்டும். மனம் வராது, தெரியும். சீனியாவின் நுனியை நகத்தால் கிள்ளினால் அதற்குக் கீழே ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். ஒரு வாரத்தில் அவை கிளையாகும். ஒரு பூவுக்குப் பதில் ஆறு, எட்டு. பூ ஒரு பத்து நாள் பிந்தும், ஆகவே திருநாளுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் அந்தப் பத்து நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தியையும் கொண்டை பெரிதாக வரும் கோழிக்கொண்டையையும் கிள்ள வேண்டாம்.

பூ வாடியதும் காம்போடு வெட்டுங்கள், இதழை மட்டும் பிய்த்தால் பயனில்லை. விதை கட்டத் தொடங்கிய செடி பூப்பதை நிறுத்திவிடும்.

கிறிசாந்தமம் இலையாகவே நிற்கிறது, மொட்டே இல்லை.

இரவில் தெருவிளக்கு அல்லது பல்கனி விளக்கு அதன்மேல் விழுகிறதா என்று பாருங்கள். நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும்.

என்ன பசளை, எவ்வளவு?

கலவையில் கொம்போஸ்ட் இருந்தால் முதல் ஒரு மாதம் ஒன்றும் வேண்டாம். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அல்பேர்ட் கரைசலை (தண்ணீரில் கரைத்து ஊற்றும் பசளைத் தூள்) பக்கற்றில் சொன்ன அளவில் பாதியாகக் கலந்து ஊற்றினால் சாடிப் பூக்களுக்குப் போதுமானது. யூரியாவை மட்டும் போடாதீர்கள். இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ வராது, அழுக்கணவன் பூச்சி வரும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது பல வீடுகளில் கொம்போஸ்ட் வாளி வைத்தார்கள். தடை அந்த வருடமே நீங்கியது, வாளியைத் தொடர்ந்தவர்களின் சாடிகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. கொழும்பில் மழை சாடியின் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் ஒரே தடவையில் நிறையப் போடுவது காசைக் கானுக்குள் போடுவதுதான்.

காகிதப் பூ வாங்கும்போது நிறையப் பூ, இப்போது வெறும் இலை.

நன்றாகக் கவனித்துக்கொண்டீர்கள், அதுதான் காரணம். காகிதப் பூவுக்கு வெயிலும் கொஞ்சம் பட்டினியும் வேண்டும். சிறிய சாடி, முழு வெயில், இலை லேசாகத் துவளும் வரை தண்ணீர் நிறுத்தம். ஜனவரியில் இதைச் செய்தால் பெப்ரவரியில் பூவைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் அது கொடி வளர்க்கும், அப்போது வெட்டிச் சீராக்குங்கள்.

பூச்சிகளுக்கு என்ன தெளிப்பது?

முதலில் எது என்று பாருங்கள். செவ்வரத்தையின் இளம் தண்டில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப் பூச்சி. எறும்பு வரிசையாக ஏறினால் அதைத் தேடியே ஏறுகிறது. பழைய பல்துலக்கும் தூரிகையைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுத்துவிடலாம். மார்ச் வெயிலில் இலை மங்கலாகி அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பலமாக அடியுங்கள். மழை இரவுகளில் நாற்று மொட்டையானால் நத்தை, டோர்ச் எடுத்துக்கொண்டு போய்க் கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. கையுறை போடுங்கள். வேப்பெண்ணெய் ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, சில துளி சவர்க்காரத்தோடு, வெயில் இறங்கிய பின் தெளிப்பது பெரும்பாலான சிறு பூச்சிகளைக் கட்டுப்படுத்தும்.

பூச்சாடியால் டெங்கு வரும் என்று வீட்டில் சண்டை.

சண்டை போடுகிறவர் சொல்வது சரி. டெங்கு நுளம்பு தெளிந்த சிறிதளவு தண்ணீரில்தான் முட்டையிடும். சூடான ஊரில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பாகிப் பறந்துவிடும். சாடித் தட்டு, கவிழ்க்காத வெற்றுச் சாடி, நாற்றுக்கென்று வைத்த கப்புகள், புரொமீலியட் செடியின் இலைக் கிண்ணம் எல்லாம் அதற்கு வீடு. தட்டில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வாரத்துக்கு ஒருநாள் தேய்த்துக் கழுவ வேண்டும். என்னைக் கேட்டால் தட்டே வேண்டாம், சாடியை இரண்டு ஓட்டுத் துண்டின்மேல் உயர்த்தி வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால் வழக்குத்தான், அதற்கென்று 2007இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.

தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டு அம்மா முறைப்பாடு. தட்டும் வேண்டாம் என்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. அவர் துணி காயப்போடாத நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் ஊற்றுங்கள். அல்லது ஊற்றும்போது மட்டும் தட்டை வைத்து, வடிந்தபின் எடுத்துவிடுங்கள். முதல் கொத்துச் சீனியாவை அவருக்குக் கொடுத்தாலும் பாதிப் பிரச்சினை தீரும்.

நீல நிறப் பூ ஏதும் உண்டா?

காக்கணம் பூ. விதையை ஓர் இரவு ஊறவைத்து, கம்பியோரம் போட்டால் ஏறிக்கொள்ளும், பூசைக்கும் உதவும். இன்னொன்று நாட்டின் தேசிய மலரான நீலோற்பலம். வாய் அகன்ற தொட்டி, முழு வெயில், நாலைந்து கப்பி மீன். மீனை மறக்காதீர்கள், காரணத்தை மேலே சொன்னேன்.

சின்னப் பிள்ளைகளும் பூனையும் இருக்கிற வீடு. எதைத் தவிர்க்கலாம்?

அலரி எந்த நிறமானாலும் வேண்டாம், மஞ்சள் அலரியின் காய் மிக ஆபத்து. அடேனியத்தின் பாலும் நஞ்சு. முள்முடிச் செடியின் பால் கண்ணில் படக்கூடாது. பட்டிப்பூவைத் தொடலாம், வாயில் வைக்கக்கூடாது. சீனியா, செவ்வரத்தை, சூரியகாந்தி பயமில்லாமல் வளர்க்கலாம்.

கன்றுகள் எங்கே வாங்கலாம்?

பத்தரமுல்லை தியத்த உயனவில் கன்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பார்த்துத் தேர்ந்து எடுக்கலாம். விதை என்றால் புறக்கோட்டை விதைக் கடைகள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையங்கள். பூத்துக் குலுங்குகிற கன்றை எடுக்காதீர்கள். மொட்டு நிறையவும் பூ ஒன்று மட்டும் நிறம் தெரிகிற அளவுக்கும் உள்ளதை எடுங்கள். சாடியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் கற்றையாக வெளியே தொங்கினால் அது கடையில் நெடுநாள் நின்ற சரக்கு.

விதை எடுத்து வைத்தேன், அடுத்த முறை முளைக்கவில்லை.

காற்றின் ஈரம்தான் காரணம். கொழும்பு அலுமாரியில் விதையின் உயிர் சீக்கிரம் போய்விடும். பூவைச் செடியிலேயே பழுப்பாகக் காயவிட்டு, மழையில்லாத நாளில் பறித்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். மூடி இறுகிய போத்தலின் அடியில் வறுத்து ஆறிய அரிசி கொஞ்சம் போட்டு, அதன்மேல் கடதாசியில் சுற்றிய விதையை வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பெயரையும் மாதத்தையும் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத்தில் ஊறிவிடும். கலப்பின விதையிலிருந்து வந்த செடி என்றால் அடுத்த தலைமுறை அதே நிறத்தில் வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். கொஸ்மஸ், வாடாமல்லி, காக்கணம் பெரும்பாலும் ஏமாற்றாது.